எடைச்சீட்டு

எங்கள் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் கிடையாது.
ஆத்தூர் ரோட்டில் மரவள்ளி சுமந்துவரும் லாரிகளை ஏற்றி
மொத்தத்தில் வண்டியைக் கழித்து
மிச்சத்தைச் சீட்டில் எழுதுகிறேன்
பதினாலு வருடமாக.
பழைய சீட்டுக்கட்டுப் பெட்டியில்
கண் திறக்காமல் கிடந்தாள்.
ஆகவே ரசீது.

நாலு கிலோ இருநூறு இருந்தவள்
தீபாவளிக்கு மூன்றரை.
தை பிறந்தபோது மூன்று நூற்றி நாற்பது.
பாயில் வாந்தி, மிதியடியில் வாந்தி,
ஒருமுறை என் சம்பளக் கவரில்.

அஸ்தம்பட்டியில் செருப்புக்கடை மாடியில்
டாக்டர் ஹெப்சிபா வயிற்றை மழித்து, பசை தடவி,
திரையில் விரல் வைத்தார்:
"குடல் சுவர் தடிச்சிருக்கு, பாருங்க."
எனக்குத் தெரிந்தது
வைப்பர் ஓடாத லாரிக் கண்ணாடியில் மழை.

இரண்டில் ஒன்று என்றார்.
குடல் தன்மேலேயே கோபித்துக்கொள்வது;
அல்லது அவசரமில்லாத ஒரு புற்று.
கொஞ்சம் சதை கிள்ளிப் பார்த்தால்தான் பெயர் தெரியும்.
நாமக்கல் போக வேண்டும், மயக்கம் கொடுக்க வேண்டும்,
பதினெட்டாயிரம், கார் வாடகை தனி.
பதினோரு வயது.
எழுந்துகொள்ளாமல் போனால் என்ற பத்தியின் கீழே
கையெழுத்து என்னுடையது.

"மாத்திரையை முதல்ல தொடங்கினா?"
"கேட்கலாம். ஆனா அப்புறம் கிள்ளினா
எதுவும் தெளிவாத் தெரியாது."

அதற்கும் முன்னால் எட்டு வாரம்
காடைக்கறி மட்டும் தரச் சொன்னார்,
உப்பில்லாமல் வேகவைத்து.
ஐந்தாம் வாரம் மாடிப்படியில் ஒரு நெத்திலித் தலை.
ஏறிப் போனேன்.
"மைதா, மைதா" என்று கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள் நிலோபர்.
"கீழ ஒண்ணுமே போடறதில்லபோல, எலும்பா வருதுக்கா."
அவள் வீட்டிலும் என் வீட்டிலும்
ஒரே பூனைதான் பட்டினி கிடந்திருக்கிறது.

ஏழாவது படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.
அவள் ஆறாயிரம் தருவாள், தையல் சீட்டு எடுத்தபின்.
"பேர் தெரிஞ்சா வேற மருந்தா?"
"முதல் மாத்திரை ரெண்டுக்கும் அதேதான்."
"அப்ப எதுக்கு?"
"எத்தனை நாள்னு தெரியும்."
நூல் சுற்றிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எனக்கு அது வேண்டாம்க்கா."

எனக்கு வேண்டும்.
எதையும் எண்ணாக்கித்தான் கையிலெடுத்துப் பழக்கம்.
நான்கு இரவு படுக்கையில் கழித்துப் பார்த்தேன்,
வண்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு.
அவளோ பீரோவின்மேல் ஏற எம்பி,
எட்டாமல்,
ஏற நினைக்கவே இல்லை என்பதுபோல்
வாலை நக்கினாள்.

வியாழன், இரண்டு லாரிகளுக்கு நடுவே
டாக்டரை அழைத்தேன்.
"மாத்திரை" என்றேன்.
"யோசிச்சுட்டீங்களா?"
பின்னால் ஆரன்.
ஆமாம் என்றது ஆரனுக்கா அவருக்கா,
தெரியவில்லை.
அன்று ஒரு வண்டி எண்ணைத் தப்பாக எழுதினேன்,
பதினாலு வருடத்தில் முதல்முறை.

இப்போது காலை மாத்திரை மாடியில்,
காடை ஈரலுக்குள் பொதிந்து.
இரவுக் கண்காணிப்பு என்னுடையது.
வாரம் ஒரு பி12 ஊசி.
நெத்திலி நின்றுவிட்டது என்று நிலோபர் சத்தியம் செய்கிறாள்,
நான் முகர்ந்தும் பார்க்கிறேன்.

ஞாயிறுதோறும் மணிவேலு காய்கறிக் கடைக்குக்
கூடையோடு போகிறோம்.
அந்தத் தராசுக்குக் கிராம் தெரியும்.
மூன்றாம் ஞாயிறு எண்பது கூடியிருந்தது.
மருந்து பசியைக் கிளப்பும், நீரும் கோக்கும்,
இப்போதே சந்தோஷப்பட வேண்டாம் என்றிருந்தார் டாக்டர்.
சந்தோஷப்படாமல் நின்றோம்.

"சீட்டு வேணுமாக்கா? என்ன பேர் போட?"
நிலோபர் என்னைப் பார்த்தாள்.
நான் கூடையைப் பார்த்தேன்.
பின்னால் ஆள் நிற்க
அவரே ஏதோ பொத்தானை அமுக்கினார்.

சேனைக்கிழங்கு. 3.220.
ஏழாவது படிச் சுவரில்
ஒட்டியிருக்கிறது.