நிகர எடை

சிப்காட் சாலையில், குடிகாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
ஒரு எடைமேடை. இரவுப் பணி எனக்கு.
லாரி ஏறியதும் சிவப்பு எண்கள்
காய்ச்சலில் பிதற்றுவதுபோல ஏதேதோ சொல்லும்.
அடங்கியபின்தான் சீட்டு அடிக்க வேண்டும்.
அவசரப்பட்டவர்கள்
ஆட்டத்தின் எடையை வாங்கிப் போகிறார்கள்.

இதை நான் உப்பு லாரிகளைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

மொத்த எடை, வெற்று எடை,
கழித்தால் நிகர எடை.
பதினாலு வருடமாக இந்த ஒரு கணக்குதான்.
இதற்கு பி.எஸ்ஸி. கணிதம் எதற்கு என்று
அப்பா ஒருமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

பாவாடைசாமியின் டாரஸ் மட்டும்
வெறும் வண்டியாகவே மாதாமாதம் கனக்கும்.
ஸ்டெப்னி ரெண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு,
எங்கோ ஏலத்தில் எடுத்த இரும்புக் கட்டில்.
கேட்டால், "காலி வண்டின்னு எங்கக்கா இருக்கு?" என்பான்.
வாடகைக்குச் சண்டை போடும்போதும்
அதே வாக்கியம்தான் அவனுக்கு.

குரூப் ஃபோரில் ஒன்றரை மதிப்பெண்.
அந்த ஒன்றரைக்கு அப்பால், மஞ்சக்குப்பத்தில்
கலெக்டர் ஆபீஸ் மின்விசிறிக்குக் கீழே
தையல்நாயகி உட்கார்ந்திருக்கிறாள்.
திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்
"ஒனக்கென்னடி, கேக்க ஆளில்லாத வேலை" என்கிறாள்.
அவள் பொறாமை உண்மையானது.
என்னுடையதும்.
இரண்டையும் மாற்றிக்கொள்ள எங்கும் கவுன்டர் இல்லை.

பிரின்டர் படுத்துவிட்ட ஒரு வாரம், கைச்சீட்டு.
வெள்ளை டிரைவருக்கு, ரோஸ் பார்ட்டிக்கு, மஞ்சள் எங்களுக்கு.
கிழித்த மஞ்சளின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தேன்.
கீழே அடுத்த சீட்டு இருந்ததைக் கவனிக்கவில்லை,
நான் அழுத்தி எழுதுகிறவள்.
'கடலுக்கு முன்பக்கம் எது' என்ற வரி
காஸ்டிக் சோடாவோடு சேலத்துக்குப் போய்விட்டது.
எட்டாம் நாள் திரும்பி வந்தது,
வரிக்கு நேராகப் பச்சை மையில்:
"மூன்று மூட்டை குறைகிறது. விளக்கம் தேவை."
இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம்.
யோசித்தால் சரிதான்,
அந்த வரியில் மூன்று மூட்டை குறையத்தான் செய்கிறது.

தானே புயல் அடித்தபோது
வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்.
கரன்ட் போய், பேட்டரியில் மினுங்கிய திரையில்
யாருமில்லாத மேடை எடை காட்டியது.
நூற்றிருபது. நானூறு. எண்பது.
காற்று ஏறி நின்று இறங்கிக்கொண்டிருந்தது,
சீட்டு கேட்காமல்.
விடிந்தபோது பண்ருட்டிப் பக்கம்
பலாமரங்கள் படுத்துக்கிடந்ததாகச் சொன்னார்கள்.
அந்த மூன்று எண்களை எழுதி வைத்திருக்கிறேன்.
எதற்கென்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேல் சாலை ஓய்ந்துவிடும்.
உப்பனாற்றுப் பக்கக் காற்றில் சேறு மணக்கும்.
கம்பெனிப் பக்கமிருந்து வந்தால்
பழுத்த பழம் மாதிரி ஒரு வாடை,
பழமில்லை என்று மூக்குக்குத் தெரியும்.
அப்போது செருப்பை ஓரமாக விட்டுவிட்டு
மேடையின் நடுவில் போய் நிற்பேன்.

அதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
வெளிப் பலகையில் நாற்பது என்கிறது. சில நாள் அறுபது.
ஜி.ஹெச். மெஷினில் நான் ஐம்பது.
நடுவில் தொலைந்த அந்தப் பத்து கிலோவை
எந்த முதலாளியும் ரசீதில் ஏற்ற முடியாது.
என்ன வேண்டுமானாலும் அதில் வைத்துக்கொள்ளலாம்.
ஒருநாள் கத்தினேன்.
ஒருநாள் மல்லாந்து படுத்தேன், இரும்பு சில்லென்றிருந்தது.
அநேகமாக ஒன்றும் வைக்காமல் நிற்கிறேன்.

தூரத்தில் ஹெட்லைட்.
முந்திரி லோடாக இருக்கும்.
இறங்கிவிட வேண்டும்,
இல்லாவிட்டால் யாருடைய முந்திரியோடோ
நானும் விலைபோய்விடுவேன்.

போன வாரம் அவசரத்தில்
செருப்பை மேடைமேலேயே மறந்துவிட்டேன்.
அதற்காக ஒரு எண்கூட அசையவில்லை.
லாரி ஏறி இறங்கிப் போனபின் எடுத்தேன்.
ஒரு வார் அறுந்திருந்தது.