கட்டுச்சோறு

ஜூலைக் கடைசியில் குரமோச்சி
ஒரு நெற்குத்தை வேரோடு பிடுங்கி
மீன்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்,
யாட்சுஷிரோவிலிருந்து, முதல் ரயிலில்.
முழங்காலுக்கு எட்டவில்லை. தூர் மட்டும் நாற்பதுக்கு மேல்.
பச்சையென்றால் அப்படியொரு பச்சை.
இலை நரம்போடு வெள்ளைப் புள்ளிகள்
தையல் பிரித்த தடம் போல.
"வாடினாலாவது வைத்தியம் கேட்கலாம்.
இது செழிக்கிறது. கதிர்தான் வராது."

ஒரே கேள்வி அவருக்கு:
"குளிர்காலம் முழுக்க வயலில் நெல்லே இல்லையே,
அப்போது எங்கே படுத்திருக்கிறது உங்கள் வைரஸ்?"
உங்கள் என்றார்.
நான் திருத்தவில்லை.

லென்ஸுக்குக் கீழே காட்டினேன்.
நெல்மணி நீளத் தத்துப்பூச்சி,
அதன் சூலகம், உப்புநீர்ச் சொட்டில் பிரித்துவைத்தது.
பாக்டீரியாவுக்குப் பச்சைச் சாயம், வைரஸுக்குச் சிவப்பு.

பூச்சி குடிப்பது வெறும் சாறு, சத்தில்லாத தித்திப்பு.
இல்லாததை உள்ளிருந்து சமைத்துப் போடுகிறது
டைனோசருக்கும் முந்தைய அந்தக் குடித்தனம்.
தட்டுமுட்டுச் சாமானையெல்லாம்
ஒவ்வொன்றாய் விற்றுத் தின்றுவிட்டது;
வெளியே விட்டால் ஒரு நாள் தாங்காது.
அதைத்தான் தாய்
ஒவ்வொரு முட்டைக்கும் கட்டுச்சோறாய்க் கட்டித் தருகிறாள்.

சோற்று மூட்டையின் வெளித்தோலில்
பெருச்சாளி.
கதவு தட்டவில்லை, பூட்டு உடைக்கவில்லை,
சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது.

குரமோச்சி கண்ணை எடுக்காமல் கேட்டார்:
"வாசலை அடைத்துவிட்டால்?"

அடைத்துப் பார்த்தோம், போன வருடம்.
சிவப்பு குறைந்தது.
கைதட்டினோம்கூட.
பச்சையும் குறைந்த முட்டைகளிலிருந்து
வெளிறிய குஞ்சுகள் வந்தன,
இரண்டாவது தோல் உரிக்கவில்லை.

எனக்கு ஆறு மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, ஈரலுக்காக.
பிறந்தவுடன் ஊசி போடும் வழக்கம் வந்ததற்கு
மூன்று வருடம் முந்திப் பிறந்துவிட்டேன்.
பத்து மாதமும் என்னை வளர்த்த ரத்தத்தோடு வந்தது,
அம்மாவுக்கே தெரியாது.
தெரிந்த நாளிலிருந்து, நான் போகும்போதெல்லாம்,
தன் கோப்பையைத் தனியே எடுத்துவைத்து
கொதிநீர் ஊற்றிக் கழுவுகிறாள்.
எனக்கு வந்துவிடக் கூடாதாம்.
முப்பது வருடம் பிந்திய கொதிநீர்.
நானும் ஒன்றும் சொல்வதில்லை,
துடைத்து அடுக்கிவைக்கிறேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
தரிசு வயல் புல்லில்தான் குஞ்சுகள் குளிரைக் கழிக்கின்றன,
பிப்ரவரிக்குள் உழுது மூடுங்கள்,
பக்கத்து வயல்காரரையும் உழச் சொல்லுங்கள்.

"பக்கத்து வயல்காரன் செத்து நாலு வருடம்.
மகன் ஒசாகாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறான்" என்றார்.
"டிராக்டர் வாடகையும் ஏறிவிட்டது."

தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று,
"அந்தப் பச்சைப் புள்ளிகள்,
அதுகளுக்குத் தெரியுமா முதுகில் யார் என்று?"

குத்தைக் கொதிகலனில் போட்டு மூடினேன்.
சாயங்காலம் வரை
அறையில் மீன் வாசனை.