தெரிந்த கோளாறு

எழுபதாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.
வாழைத்தார் ஏலத்துக்குப் போன பணத்தில்
சொசைட்டிக் கடன் கழித்து
மகளின் விடுதிக் கட்டணம் கழித்து
சட்டைப் பையில் மிஞ்சியது அவ்வளவு.

லைசென்ஸில் பயிர்ப் பாதுகாப்பு என்றிருக்கிறது.
வேட்டை என்று வாய் தவறினால்
தாஹிர் பாய் மேலே ஓடும் ஃபேனைப் பார்ப்பார்.
அதனால் நாங்கள் இருவரும்
மக்காச்சோளத்தைப் பற்றியே பேசினோம்.

கண்ணாடி மேசைமேல் மூன்று கிடந்தன.
துருக்கியிலிருந்து வந்தது புதுசு,
பிளாஸ்டிக் கட்டை, கையில் எடையே தெரியவில்லை.
விலையைச் சொன்னதும் தெரிந்தது.
உள்ளூர் இரட்டைக்குழல்:
"சாதுவான மாடுங்க. ஆனா ரெண்டு வெடிக்கு அப்பறம்
நீங்க தோட்டா போடற வரைக்கும்
பன்னி நின்னுட்டு இருக்காதுங்க."
மூன்றாவது இத்தாலிக்காரன் கட்டினது.
வால்பாறை எஸ்டேட் பங்களாவில்
முப்பது வருஷம் மழையைக் குடித்தது.
விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு வெடி,
அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும்.
அறுபத்தெட்டு.

நான் கணபதியில் இருபது வருஷம் மோட்டார் கட்டியவன்.
கழற்றிப் பார்க்காமல் ஒரு சாமான் வாங்கினால்
குடித்த சிறுவாணித் தண்ணீர் செமிக்காது.
"கழட்டலாங்களா?"
பாய் பழைய பேப்பர் விரித்தார்.

பிஸ்டன். ஸ்பிரிங். புகை வரும் துளை இரண்டு.
ஒரு ரப்பர் வளையம்,
சப்மெர்சிபிளுக்குப் போடுகிற அதே ஜாதி.
விரலில் கரி அப்பியது.
"காஸில ஓடறது தோளை உதைக்காதுங்க,
ஆனா அழுக்குச் சேரும்.
உதையில ஓடறது சுத்தம்,
லேசான தோட்டான்னா சோம்பிப் படுத்துக்கும்."
எங்கள் பட்டறையிலும்
இரண்டு வகை ஆட்களும் இருந்தார்கள்.

டம்மி தோட்டா ஐந்து போட்டு
கையால் இழுத்து ஓட்டிக் காட்டினார்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது வாயிலேயே நின்றது,
பல்லிடுக்கில் கடலைத்தோல் மாதிரி
பாதி உள்ளே பாதி வெளியே.
பாய் முகம் சுண்டிப் போச்சு.
இன்னொரு தரம் ஓட்டினார்.
மறுபடியும் மூன்றாவது.

அந்த இடத்தில்தான் எனக்கு மனசு வந்தது.
புதுசு எங்கே மக்கர் பண்ணும்
என்று எவனுக்குத் தெரியும்?
இது மூன்றாவதில் நிற்கும்.
தோட்டாவைத் தூக்கிவிடும் தகட்டுக்கு அடியில்
சின்ன ஸ்பிரிங், தளர்ந்து போனது.
என் லேத்தில் பொழுதோடு முடிகிற வேலை,
ஆனால் நான் கை வைக்கக்கூடாது, சட்டம்.
பாயின் மிஸ்திரி பத்து நாளில் மாற்றுவார்.
அறுபத்திரண்டு என்றேன்.
"அறுபத்தஞ்சு. துடைக்கிற கம்பி இனாமுங்க."

தடாகம் போய்ச் சேர இருட்டிவிட்டது.
சரசாத்தாள் பையைத் திறந்து பார்த்தாள்.
குழலுக்குள் டார்ச் அடித்தாள்.
"இந்தக் காசுக்கு
சோலார் வேலி பாதிக் காட்டுக்கு வந்திருக்கும்."
வந்திருக்கும்தான்.
பன்னி மீதிப் பாதியில் நுழையும்
என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மிஸ்திரியிடமிருந்து துப்பாக்கி வந்த மறுநாள்
தேர்தல் தேதி அறிவித்தார்கள்.
கதிர் பால் பிடித்த வாரம்.

ஸ்டேஷனில் ரைட்டர்
விசைக்கு மேல் அட்டைச் சீட்டு கட்டினார்.
நம்பர் முப்பத்தேழு.
நாலைந்து பழைய ஒற்றைக்குழல்களுக்கு நடுவே
ஒறம்பரை வீட்டில் மாப்பிள்ளை மாதிரி
சுவரில் சாய்ந்து நின்றது.
"நல்லா வெடிக்குமா?"
"இன்னும் தெரியலீங்க."
ரசீதை நாலாக மடித்துக் கொடுத்தார்.

ரவைக்குக் காட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
தகர டப்பா, ஒரு குச்சி,
பையில் ரசீது.
பள்ளத்துப் பக்கம் முகர்ந்து முகர்ந்து வருகிற சத்தம்.
ஒரு தட்டு முறிகிறது.
இரண்டு.
மூன்றாவதும்
எங்கும் நிற்காமல் முறிகிறது.