ஐந்நூறு ரூபாய்க் கம்பி

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி.
மிக்சி ஜார்களுக்கும் ரிமோட் குவியலுக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.
நீளக் கைப்பிடி வைத்த தோசைக்கல் என்றுதான்
முதலில் நினைத்தேன்.

திருப்பினால் பேன்ஜோ.

செல்போனில் மட்டும் பார்த்திருக்கிறேன்.
பஞ்சருக்குத் தடவிய சொல்யூஷன் காயும்வரை
பார்ப்பதற்கென்று சில வீடியோக்கள் உண்டு எனக்கு.
யாரோ ஒரு கிழவர், ஏதோ ஒரு ஊர்,
ஆம்லெட்டுக்கு வெங்காயம் நறுக்கும் வேகத்தில் விரல்கள்.
சத்தம் மட்டும் எனக்குப் பழகிய சத்தம்:
முறுக்கேறிய போக்ஸ் கம்பியை
நகத்தால் சுண்டினால் வருமே,
அது.

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றான் கலிவரதன்.
"வெள்ளக்காரன் வீட்டுச் சாமான்,
காலி பண்ணும்போது எடுத்தது."
"என்னன்னு தெரியுமா?"
"கிட்டார்ல ஒரு வகை."

பையில் மூவாயிரத்து இருநூறு.
அதில் ஆயிரம்தான் செலினுக்குத் தெரிந்த ஆயிரம்.

எனக்கு இசை தெரியாது.
வட்டம் தெரியும்.
இருபத்தெட்டு வருஷம் வீல் கோட்டம் எடுத்த கண்.
விளிம்பைச் சுற்றி இருபத்து நான்கு கொக்கி,
இரண்டில் துரு
(கடலோரத்தில் அதை யார் குற்றம் என்பார்கள்),
ஒன்றுக்கு நட்டு இல்லை.
டயரை அழுத்துவதுபோல் தோலை
கட்டைவிரலால் அழுத்தினேன்.
ஓரமாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன்:
டண், டண், டண்,
டொப்.
அந்தப் பக்கம் தளர்ச்சி.
இந்தப் பக்கம் அரைச் சுற்று, எதிர்ப் பக்கம் அரைச் சுற்று,
ஒரே இடத்தில் இறுக்கினால் கிழியும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கழுத்து வளைந்திருக்கிறதா என்று
ஒரு கண்ணை மூடி
மணிக்கூண்டு பக்கம் குறிபார்த்தேன்.
போலீஸ்காரர் ஒருவர் நின்றார், பார்த்தார், நடந்தார்.
நேர்தான்.

முறுக்காணி ஒன்று வழுக்கியது.
திருகை இறுக்கினேன், பிடித்துக்கொண்டது.
கூட ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் மரத்துண்டு.
"ஒடஞ்ச சீப்பு, கடாசிடு" என்றான்.
கம்பிகளைத் தளர்த்தி அடியில் நிறுத்தினேன்.
ஆணியில்லை, பசையில்லை,
கம்பிகள் அமுக்குவதால் மட்டும் நின்றது அந்தச் சீப்பு.

பேரம் மூவாயிரத்து முந்நூறில் முட்டி நின்றபோதுதான்
கண்ணில் பட்டது.
"இங்க பாரு. நாலு கம்பி நுனிவரைக்கும் போவுது.
இது பாதியில நிக்குது.
எவனோ ஒடச்சிட்டு
நடுவுல ஓட்ட போட்டு ஒப்பேத்தியிருக்கான்."

கலிவரதன் குனிந்து பார்த்தான்.
ஏமாந்தவன் முகம் எனக்குத் தெரியும்,
டியூப் மாற்றச் சொல்லும்போது தினமும் பார்க்கிறேன்.
"சரி, அதுக்கு ஐந்நூறு கொறச்சிக்க."

இரண்டாயிரத்து எண்ணூறு.
முத்தியால்பேட்டைவரை ஒரு கையில் ஹேண்டில்பார்,
ஒரு கையில் அது.

ராத்திரி கடையை மூடிவிட்டு
கிழவரின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
அவருடையதிலும் பாதியில்தான்
ஆணி.
அவர் கட்டைவிரல் திரும்பத் திரும்ப
அந்தக் குட்டைக் கம்பிக்கே வந்து விழுகிறது.
அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை போல.

நானும் சுண்டினேன்.
சுண்டிக்கொண்டே இருந்தேன்.
"பாதியில ஆரம்பிக்கிறதுக்கு
இவ்ளோ சத்தமா?" என்றாள் செலின்
கொசுவலைக்குள்ளிருந்து.

அடுத்த ஞாயிறு
கலிவரதனின் மூன்று சக்கர வண்டியை
பிளாட்பாரத்தோரம் கவிழ்த்துப் போட்டு
மூன்றுக்கும் கோட்டம் எடுத்தேன்.
"எவ்ளோ?"
"வேணாம்."
சந்தேகமாகப் பார்த்தான்.
"அந்தக் கிட்டாரு பாடுதா?"
"அந்தக் கம்பி இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.
"ஒடஞ்சதுதான், தெரியும்பா.
அதான் கொறச்சேனே."
என்று ரிமோட் கேட்ட ஆளிடம் திரும்பிவிட்டான்.

மூன்று சக்கரக் கோட்டத்துக்கு முந்நூறு.
இருநூறு
இன்னும் என்னிடம் இருக்கிறது.