பேச்சிக்கும் மாறுதல்

மாறுதல் ஆணையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.
உடற்கல்வி ஆசிரியை, கல்லிடைக்குறிச்சியிலிருந்து இராதாபுரம்.
சாமான்கள் விடியும்போதே குட்டியானையில் ஏறிவிட்டன,
கட்டில், கிரைண்டர், துருவேறிய ஈட்டி இரண்டு.
பேச்சி மூன்று தடவை ஏறி மூன்று தடவை குதித்தது.
பஸ்ஸில் கண்டக்டர் என்னைக் கேட்டு முடிக்கவிடவில்லை.
"கோழின்னா டிக்கெட்டு உண்டு. பூனைக்குக் கெடையாது டீச்சர்."

பேச்சி கடுவன்.
குட்டியில் தெரியாமல் வைத்த பெயர்.
தெரிந்தபிறகு மாற்ற
எனக்கு மனமில்லை, அதற்கு அக்கறையில்லை.

தக்காளிப் பெட்டியைக் கேரியரில் வைத்து
நாலு மூலையும் பழைய டியூபைக் கிழித்துக் கட்டினேன்.
உள்ளே கபடி அணியின் பனியன், எண் ஏழு.
மேலே கிழிந்த வாலிபால் வலை.

வீரவநல்லூர் தாண்டும்வரை கத்தியது.
கடைவாசலில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் பார்த்தார்கள்,
பிள்ளையைத் திருடிப் போகிறவளைப் பார்ப்பதுபோல்.
சேரன்மகாதேவிக் கால்வாய்ப் பாலத்தில் நிறுத்தி
பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றினேன்.
குடிக்கவில்லை.
உள்ளே ஆடிய வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

பிறகு மலை வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.
கத்தல் நின்றது.
ஆடி மாசத்து மேகாத்து என் ஷாலைப் பிடித்து
இடப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது.
சைக்கிளைச் சாய்த்தே மிதித்தேன்,
ஒரு காது கேளாதவரோடு பேசுகிறமாதிரி.
திரும்பிப் பார்த்தால்
வலைக்கண்ணில் மூக்கை நுழைத்து
களக்காட்டுச் சாரலை முகர்ந்தபடி பேச்சி.

இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை ஓடச் சொல்லியிருக்கிறேன்.
விசிலை ஊதிவிட்டு வேப்பமரத்தடியில் நிற்பேன்.
இந்த ரோட்டில் எனக்கு யாரும் ஊதவில்லை.
வலது முழங்கால் மட்டும்
டக், டக்கென்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது.

ஏர்வாடிக்கு முன்னால் பஞ்சர்.
மைதீன் பிச்சை சக்கரத்தைக் கழற்ற
ஸ்பேனரால் தட்டிய முதல் தட்டிலேயே
வலை பிய்ந்து, பேச்சி வாழைத்தோட்டத்துக்குள்.
சாம்பல்வால் ஒரு தடவை தெரிந்தது.
அப்புறம் வாழை, வாழை, வாழை.

"நாய்க்கு ஆளு, பூனைக்கு வீடு" என்றார்,
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தபடி.
"அது இந்நேரம் ஊரப் பாக்கத் திரும்பியிருக்கும்.
நீங்க வெயிலுக்கு முந்தி போய்ச் சேருங்கம்மா."

விசில் ஊதினேன்.
முதல்தடவையாகக் கூச்சத்தோடு ஊதினேன்.
தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு நிமிர்ந்து
என்ன ஏதென்று வரப்பேறி வந்தார்.
அவர் மட்டும்தான் வந்தார்.

ஒரு மணிநேரம்.
மைதீன் பிச்சை பஞ்சருக்கு நாற்பது வாங்கினார்,
டீக்கு வாங்கவில்லை.
பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று
முடிச்சில் நகம் வைத்த நேரத்தில்
உடம்பெல்லாம் சேறும் சருகுமாய் வந்தது.
பனியனை இரண்டு சுற்று மிதித்தது.
எண் ஏழின்மேல் உட்கார்ந்தது,
எங்கே போனாய் என்று நான் கேட்டுவிட முடியாத ஓர் உட்காரல்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
பின்சக்கரத்துக்கு இன்னும் இரண்டு அடி காற்று அடித்தார்.

வள்ளியூர் தாண்டி ரோடு கிழக்கே திரும்பியதும்
அதுவரை விலாவில் குத்திய காற்று
முதுகுக்கு வந்துவிட்டது.
நான் மிதிக்கவில்லை. சத்தியமாக மிதிக்கவில்லை.
இரண்டு பக்கமும் காற்றாலைகள் கைவீச
மூன்று கிலோமீட்டர் சும்மா போனோம்,
அதன் காதுகள் முன்னால் மடிந்து,
என் முடி என் வாய்க்குள் புகுந்து.

வீட்டுக்காரம்மா சாவியோடு நின்றாள்.
"எத்தன பேரு டீச்சர் இருப்பிய?"
கேட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.
பெட்டியும் அவளைப் பார்த்தது.

மீட்டர் எழுபத்தொன்று காட்டியது.
நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.
வாழைகளுக்குள் பேச்சி நடந்தது எவ்வளவோ,
அது அதன் கணக்கு.