பதினேழு படிகள்

ஈரி ஏரி தன் பனியையெல்லாம்
பஃபலோவில் எங்கள் தெருவில்தான் இறக்கிவைக்கும்.
அது பரவாயில்லை.
என் பிழைப்புக்கு எமன் சுவர்.
நூறு வயதான வீடு. சுண்ணாம்புப் பூச்சுக்குள்
கோழிக்கூண்டு போல இரும்பு வலை.
முன்னறையில் ரூட்டர், பின்னறையில் நான்,
நடுவில் வைஃபை
நெற்றியில் அடிபட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

காது கேளாதவர்களுக்காக
நேரலைப் பேச்சை எழுத்தாகத் தட்டுபவள் நான்.
நகரசபை உறுப்பினர் மேசையைக் குத்தும்போது
திரையில் அவர் இன்னும்
வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.
ஒருநாள் "இல்லை" என்ற ஒரே ஒரு சொல்
வழியில் விழுந்து தொலைந்தது.
மறுநாள் அறுபது புகார்.

ரூட்டரைக் குளிர்பெட்டியின் மேல் வைத்தேன்.
ஜன்னலில் வைத்தேன்.
குளியலறையில், மடித்த துவாலையின் மேல்,
குளிப்பாட்டிய குழந்தை மாதிரி.
நான்கு மெகாபிட்.
மழைநாளில் மூன்று.

விழுந்த பேனாவைத் தேடிக் குனிந்தபோதுதான் கண்டேன்:
மேசைக்குப் பின்னால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு
கோஆக்சியல் கேபிள்.
யாரோ கேபிள் டிவி பார்த்த காலத்து மிச்சம்.
சுவருக்கு வண்ணம் அடித்தவர்கள்
அதற்கும் சேர்த்தே அடித்திருந்தார்கள்.
சுரண்டினால் உள்ளே
ஒற்றைச் செம்புக்கம்பி, பளபளவென்று.

மோக்கா அடாப்டர் இரண்டு வாங்கினேன்.
பெயர் காப்பி மாதிரி, குணமும் அப்படித்தான்.
செருகியதும் வீடு விழித்துக்கொண்டது.
எண்ணூற்றுப் பத்து!
யாருமில்லாத அறையில்
எழுந்து நின்று கைதட்டினேன்.

மூன்றாம் நாள் என் கணினியில்
ஓர் அச்சுப்பொறி முளைத்தது.
என்னிடம் அச்சுப்பொறி கிடையாது.
பெயர்: டூடெக், கீழ்வீடு.

கஸிமிர் டூடெக். நவம்பரிலிருந்து பேச்சில்லை.
வண்டிப்பாதையில் தன் பாதிப் பனியை மட்டும் அள்ளுவார்,
அளவுநாடா பிடித்தது போல.
நான் மட்டும் என்ன, என் பாதியைத்தான்.
அவரும் அதே மோக்காவை வாங்கியிருக்கிறார்.
நிலவறையில் ஒரே பிரிப்பானில்
இரண்டு வீட்டுக் கம்பியும்.
நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நேரத்தில்
பெட்டிகள் கைகுலுக்கிவிட்டன.

கை தவறித்தான் அழுத்தினேன்.
கீழே ஏதோ உறுமியது, நிறுத்தி நிறுத்தி.
கதவைத் திறந்தால்
பதினோரு தாளோடு நின்றார்.
"மிஸ் ஹன்ரஹான், சாக்கடை வரி விவாதம்
உங்களுடையதுதானே?
முழுக்கப் படித்தேன்.
ஆறாம் பக்கத்தில் வார்டு எண் தப்பு."

தப்புதான்.

வடிகட்டி தபாலில் வந்தது, கட்டைவிரல் அளவு.
அவரவர் சிக்னல் அவரவர் வீட்டோடு நிற்க.
அவர் டார்ச் பிடித்தார், நான் திருகினேன்.
விரலால் முடிந்தவரை,
பிறகு ஸ்பேனரால் கால் சுற்று.
கைப்பேசியைப் பார்த்து
"போய்விட்டீர்கள்" என்றார்.
இருமினார். நிலவறையில் தூசி அதிகம்.

மறுநாளும் பனி
அதே பாதிவரைதான் அள்ளியிருந்தது.

இன்றைய கூட்டம் இப்போதுதான் முடிந்தது.
ஒரு சொல் சிந்தவில்லை.
பதின்மூன்று பக்கம், வரிக்கு வரி வார்டு எண்கள்.
தாளில் பார்த்தால்தான்
தப்பு கண்ணில் படும்.
பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறேன்.

எத்தனை படி என்று இதுவரை எண்ணியதில்லை.
பதினேழு.