பத்து நிமிட ஈரம்

உம்லாங்காவில் ஒன்பதாவது மாடி.
ராத்திரி பதினொன்று நாற்பது.
முதுகில் தொட்டி, பேட்டரி,
சாட்ஸ்வர்த்திலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வந்த அலுப்பு.

முதலில் நொம்புசோ துடைத்துக்கொண்டே போவாள்.
அழுக்கின்மேல் மருந்தடித்தால்
அது அழுக்கோடுதான் சண்டை போடும்,
கிருமி பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் என்பாள்.
பயிற்சி கொடுக்க வந்தவர் இதையே
முப்பத்திரண்டு படம் போட்டுச் சொன்னார்.

பிறகு நான்.
விசையை அழுத்தினால் ஒரு சின்ன முனகல்.
துளிகள் வெளியே வரும்போதே
எல்லாவற்றுக்கும் ஒரே மின்சாரம் ஏறிவிடுகிறது.
ஒன்றுக்கொன்று ஆகாது;
பாகம் பிரித்த பங்காளிகள்போல
விலகி விலகிப் பறக்கும்.
நாற்காலியைக் கண்டால் மட்டும் அத்தனைக்கும் ஒரே ஆசை.
முன்னால் நின்று அடிப்பேன்,
முதுகுப்பக்கம் போய் ஒட்டும்.
கைப்பிடியின் அடி, மேசையின் அடி,
யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்மின் பள்ளம்வரை.

என் வலது கையுறையில் உள்ளங்கைப் பக்கம் வெட்டியிருக்கிறது.
பிடியிலிருக்கும் உலோகப் பட்டையை
வெறும் தோல் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.
இல்லாவிட்டால் மின்சாரம் எனக்குள்ளேயே தங்கிவிடுமாம்.
முதல் வாரம் மறந்துபோய் லிஃப்ட் பொத்தானைத் தொட்டேன்.
பொத்தான் கடித்தது.

அடித்து முடித்தால் பத்து நிமிடம்
எதையும் தொடக்கூடாது.
ஈரமாக இருந்தால்தான் சாகும்,
முன்னாலேயே காய்ந்துவிட்டால் கணக்கில்லை.
நாற்பத்திரண்டு நாற்காலி.
ஒன்றிலும் உட்கார முடியாமல் நடுவில் நிற்பேன்.
கண்ணாடிக்கு வெளியே
துறைமுகத்தில் இடம் கிடைக்காத கப்பல்கள்
விளக்கேற்றிக் காத்திருக்கும்.
அவைக்கும் எனக்கும் ஒரே ஷிஃப்ட்.

நேற்று
பதினேழாம் மேசைக்கு அடியிலிருந்து
ஒரு தும்மல்.

கிருமி தும்மாது.
குனிந்து பார்த்தேன்.
பையைத் தலைக்கு வைத்து,
சட்டையைக் கம்ப்யூட்டர் வயரில் காயப்போட்டு,
ஒரு பையன்.
கழுத்தட்டையில் தெவாஷன், கணக்குப் பிரிவு.
அந்த மேசையில் மட்டும் பற்பசை வாசம் ஏன் என்று
இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைக் கழுவு என்று
என் தண்ணீர் பாட்டிலை உருட்டிவிட்டேன்.
எதன்மேலும் படாமல் வெளியே வா, எல்லாம் ஈரம்.
தவழ்ந்து வந்தான்.
இப்போது நடுவில் நிற்பவர்கள் இரண்டு பேர்.

அறைக்காரர் பூட்டை மாத்திட்டார், அக்கா.
அவ்வளவுதான் சொன்னான்.
நானும் கேட்கவில்லை.
தூக்கம் கலைந்த முகத்தோடு
புகை மேசைக்கடியில் எப்படி வந்தது என்று கேட்டான்.
சொன்னேன்.
கணக்குப் பையன், உடனே புரிந்துகொண்டான்.
பிறகு என் தொட்டியைக் காட்டி,
இதுக்கு மாசாமாசம் வர்ற பில்லை
நான்தான் பாஸ் பண்றேன் என்றான்.
எவ்வளவு என்றும் சொன்னான்.

அந்தத் தொகைக்குள் என் சம்பளம்
எத்தனை தடவை போகும் என்று
வகுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.
பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
தெளிக்கும்போது உள்ளே ஆள் இருந்தார்களா?
இல்லை என்று எழுதினேன்.
நான் நின்றுகொண்டிருக்கும்போதே
தினமும் அப்படித்தான் எழுதுகிறேன்.
கீழே கையெழுத்து: கோகிலம்.

நொம்புசோ வாளியோடு கதவருகே நின்றிருந்தாள்.
எவ்வளவு நேரமாக என்று தெரியாது.
பத்தாவது மாடிக்கு ஏறும்வரை வாயைத் திறக்கவில்லை.
கதவு திறந்ததும் சொன்னாள்:
இனிமேல் கீழிருந்து வேண்டாம்.
ஆறரைக்கு ஒன்பதாவதை முதலில் முடித்துவிடுவோம்.
அவன் படுக்கிற நேரத்துக்குள்
நன்றாகக் காய்ந்திருக்கும்.